சிலிக்கான் ஒளித் தாமதத் தடம்

சிலிக்கான் ஒளித் தாமதத் தடம் என்பது ஒளிவழித் தொலைத்தொடர்பில் செல்லும் ஒளிக் குறிகையை மின்குறிகையாக மாற்றாமலேயே, வேண்டிய அளவு நேரம் பிந்தி வெளிவரச் செய்வதற்காகச் சிலிக்கான் சில்லின் மீது அமைக்கப்படும் ஒளியியல் உறுப்பு ஆகும். தாமதம் பெரும்பாலும் பிக்கோநொடி அளவிலும், சில அமைப்புகளில் நானோநொடி அளவிலும் இருக்கும். ஒரு பிக்கோநொடி என்பது ஒரு நொடியின் இலட்சம் கோடியில் ஒரு பங்கு. ஒரு நானோநொடி அதைப்போல் 1000 மடங்கு. சிலிக்கான் ஃபோட்டானிக்ஸ் என்று உலகெங்கும் வழங்கும் சிலிக்கான் ஒளியணுவியல் துறையின் ஒரு பிரிவாக இது கருதப்படுகின்றது.

இந்தியாவில் இத்துறை ஆய்வு நடைபெறும் முதன்மையான இடங்களுள் ஒன்று சென்னையிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகம் ஆகும்.

ஒளியை ஏன் தாமதிக்க வேண்டும்

ஒளி விரைவாகச் செல்வதே தொலைத்தொடர்பில் அதன் சிறப்பு. அவ்வாறிருக்க, அதனை ஏன் வேண்டுமென்றே பிந்தச் செய்ய வேண்டும் என்ற கேள்வி இயல்பாக எழும். இரண்டு குறிகைகள் ஒரே நேரத்தில் ஒரே வழியைக் கேட்கும்போது, அவற்றுள் ஒன்று காத்திருந்தே தீர வேண்டும் என்பது இதற்கான முதல் விடை.

சென்னை - அரக்கோணம் இருப்புப்பாதையில் இதற்கு ஓர் எளிய ஒப்புமையைக் காணலாம். விரைவு வண்டி ஒன்று கடந்து செல்ல வேண்டுமெனில், மெதுவாகச் செல்லும் வண்டியை ஆவடி போன்ற ஒரு நிலையத்தில் லூப் லைன் எனப்படும் கிளைத்தடத்தில் நிறுத்தி வைத்து, பாதை விட்டபின் அனுப்புவார்கள். இணையத்தில் தரவுப் பொதிகளைப் பிரித்தனுப்பும் திசைவி என்னும் கருவியும் இதையே செய்கின்றது. ஒரே வெளிவழிக்கு இரு பொதிகள் வந்தால், ஒன்றை நினைவகத்தில் இருத்தி வைத்து மற்றதை முதலில் அனுப்புகின்றது. ஆனால் இவ்விடத்தில் ஒப்புமை முறிந்துவிடுகின்றது. தொடர்வண்டியை நிறுத்தலாம், ஒளியை நிறுத்த இயலாது. ஒளியணுவுக்கு ஓய்வு நிலை என்று ஒன்று இல்லை. ஆகவே ஒளியைக் காக்க வைக்க வேண்டுமெனில், அதனைச் சுற்றுவழியில் ஓடவிட வேண்டும், அல்லது அதன் வேகத்தைக் குறைக்க வேண்டும்.

நடைமுறையில் உள்ள திசைவிகள் மூன்றாவதாக ஒரு வழியை மேற்கொள்கின்றன. வரும் ஒளியை மின்குறிகையாக மாற்றி, மின்னணு நினைவகத்தில் எழுதி, பின்னர் மீண்டும் ஒளியாக மாற்றி அனுப்புகின்றன. இது நம்பகமான முறை. எனினும் ஒவ்வொரு மாற்றத்திற்கும் மின்னாற்றல் செலவாகின்றது, அம்மின்னாற்றல் வெப்பமாகின்றது, அவ்வெப்பத்தை அகற்ற மேலும் மின்னாற்றல் தேவைப்படுகின்றது. தரவு விரைவு கூடக்கூட இச்செலவும் கூடுகின்றது. அம்பத்தூர் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள பகுதியில் அண்மை ஆண்டுகளில் பெரிய தரவு மையங்கள் எழுந்துள்ளன. என்.டி.டி. நிறுவனத்தின் வளாகம் 2023-இலும், டிஜிட்டல் கனெக்சியன் நிறுவனத்தின் மையம் 2024-இலும் அங்கே திறக்கப்பட்டன. இத்தகைய மையங்களில் அடுக்குகளுக்கு இடையேயான தொடர்பு பெரிதும் ஒளியிழை வழியே நடந்தாலும், ஒவ்வொரு சந்தியிலும் ஒளி மின்னாக மாறியே கடந்து செல்கின்றது. அந்த மாற்றத்தைத் தவிர்க்க முடியுமா என்பதுதான் ஒளித் தாமதத் தட ஆய்வுக்கு நீண்டகாலம் உந்துதலாக இருந்த கேள்வி.

முன்னோடிகள்

தாமதத்தை நினைவகமாகப் பயன்படுத்தும் எண்ணம் புதிதன்று. 1949-இல் கேம்பிரிட்ச் பல்கலைக்கழகத்தில் இயங்கத் தொடங்கிய எட்சாக் என்னும் கணினியின் நினைவகம், பாதரசம் நிரப்பிய குழாய்களால் ஆனது. குழாயின் ஒரு முனையில் ஒலித் துடிப்புகளாக இட்ட தரவு மறு முனையை அடையும் வரை பாதரசத்திலேயே 'தங்கியிருக்கும்'. அடைந்ததும் மீண்டும் முதல் முனைக்கு அனுப்பப்படும். இந்தியாவில் பயன்பட்ட பால் முறை வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளிலும் ஒரு சிறு கண்ணாடித் தாமதத் தடம் இருந்தது. ஒரு வரியின் வண்ணக் குறிகையை ஏறத்தாழ 64 மைக்ரோநொடி பிந்தச் செய்து, அடுத்த வரியுடன் ஒப்பிட அது உதவியது.

இவ்விரண்டிலும் தாமதம் தந்தது ஒலி. ஒலி மிக மெதுவாகச் செல்வதால் சில சென்டிமீட்டர் கண்ணாடியே போதுமானதாக இருந்தது. ஒளியோ வெற்றிடத்தில் நொடிக்கு 2,99,792 கி.மீ. வேகத்தில் செல்கின்றது. ஒரு நானோநொடியில் அது 30 செ.மீ. கடந்துவிடும். ஒளித் தாமதத்தின் எல்லா இடர்ப்பாடுகளுக்கும் மூலம் இதுவே.

ஒளியிழையே ஒரு தாமதத் தடம்

ஒளியிழையில் ஒளியின் வேகம் வெற்றிட வேகத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. எனவே ஒரு கிலோமீட்டர் இழை ஏறக்குறைய 4.9 மைக்ரோநொடி தாமதம் தருகின்றது. ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் இடையில் 7 கி.மீ. நீள இழை ஒன்று இருப்பதாகக் கொள்வோம். அதனைக் கடக்க ஒளிக்கு 34 மைக்ரோநொடி ஆகும். நொடிக்கு 100 ஜிகாபிட் விரைவில் தரவு சென்றால், எந்த ஒரு கணத்திலும் 34 இலட்சம் பிட்டுகள் அவ்விழைக்குள் ஓடிக்கொண்டிருக்கும். இணையத்தில் வழக்கமான பெரும அளவான 1500 பைட்டுப் பொதிகளாகக் கணக்கிட்டால் இது 280-க்கும் மேற்பட்ட பொதிகள்.

இழையின் பெருஞ்சிறப்பு அதன் குறைந்த இழப்பு. 1550 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒரு கிலோமீட்டருக்கு 0.2 டெசிபெல் மட்டுமே இழப்பு. அதாவது ஒரு கிலோமீட்டர் கடந்தபின்னும் 95 விழுக்காடு ஒளி எஞ்சியிருக்கும். குறையென்பது அதன் பருமன். கிலோமீட்டர்க் கணக்கில் இழையைச் சுருட்டி வைக்கும் உருளையைச் சில்லின் மீது ஏற்ற இயலாது. அதன் நீளத்தை வேண்டியபோது மாற்றவும் இயலாது.

சிலிக்கான் அலைநடத்தி

சிலிக்கான் கண்ணுக்குப் புலப்படும் ஒளியை உட்கவரும். ஆனால் தொலைத்தொடர்பில் பயன்படும் 1300 முதல் 1600 நானோமீட்டர் வரையிலான அகச்சிவப்பு ஒளிக்கு அது கண்ணாடியைப் போல ஒளிபுகுபொருள். அதன் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 3.48. அதனைச் சூழ்ந்துள்ள சிலிக்கான் டை-ஆக்சைடின் ஒளிவிலகல் எண் 1.44 மட்டுமே. இப்பெரும் வேறுபாட்டால், ஏறத்தாழ 450 முதல் 500 நானோமீட்டர் அகலமும் 220 நானோமீட்டர் உயரமும் உள்ள சிலிக்கான் நுண்கம்பிக்குள் ஒளி இறுக அடைபடுகின்றது. இதுவே அலைநடத்தி எனப்படுகின்றது. 5 மைக்ரோமீட்டர் ஆரத்தில் வளைத்தாலும் இதிலிருந்து ஒளி பெரிதாகச் சிதறி வெளியேறுவதில்லை. வழக்கமான ஒளியிழையை அந்த அளவுக்கு வளைக்க நினைத்துப் பார்க்கவும் இயலாது.

இத்தகைய அலைநடத்திகளின் அடிப்படையை 1980-களில் அமெரிக்க ஆய்வாளர் ரிச்சர்டு சோரெஃப்பும் அவருடன் பணியாற்றியவர்களும் வகுத்தனர். கணினிச் சில்லுகளைச் செய்யும் அதே ஆலைகளில், அதே முறைகளால் ஒளிச்சுற்றுகளையும் செய்யலாம் என்பதே இத்துறையின் கவர்ச்சி.

தாமதத்தைக் கணக்கிடுவது எளிது:

தாமதம் = நீளம் × குழு விலகல் எண் ÷ வெற்றிடத்தில் ஒளியின் வேகம்

இங்கே குழு விலகல் எண் என்பது சாதாரண ஒளிவிலகல் எண்ணிலிருந்து வேறானது. ஒளித் துடிப்பு ஒன்று முழுமையாக எவ்வளவு மெதுவாக நகர்கின்றது என்பதை அது குறிக்கும். சிலிக்கான் நுண்கம்பியில் அதன் மதிப்பு ஏறத்தாழ 4.2. எனவே 1 மி.மீ. நுண்கம்பி 14 பிக்கோநொடி தாமதத்தைத் தரும். ஒரு நானோநொடிக்கு 7.1 செ.மீ. தேவை. அதனைச் சுருளாக மடித்தால் சில்லில் ஒரு கடுகின் பரப்புக்கும் குறைவான இடமே பிடிக்கும்.

இதுவரை எல்லாம் நன்மையாகவே தோன்றும். இழப்பைக் கணக்கில் கொண்டால் நிலைமை மாறிவிடுகின்றது. நுண்கம்பியின் பக்கச் சுவர்கள் செதுக்கப்படும்போது ஓரிரு நானோமீட்டர் அளவுக்கு மேடுபள்ளங்கள் உண்டாகின்றன. ஒளி இறுக அடைபட்டிருப்பதாலேயே அம்மேடுபள்ளங்களை அது வலுவாக உணர்ந்து சிதறுகின்றது. சாதாரணமாக ஒரு சென்டிமீட்டருக்கு 2 டெசிபெல் இழப்பு ஏற்படும். அப்படியானால் ஒரு நானோநொடித் தாமதத்திற்கு 14 டெசிபெல் இழப்பு. உள்ளே சென்ற ஒளியில் 4 விழுக்காடு மட்டுமே வெளிவரும்.

ஒரு முழுப் பொதியைக் காக்க வைக்க முயன்றால் என்ன ஆகும்? 1500 பைட்டு என்பது 12,000 பிட்டுகள். நொடிக்கு 100 ஜிகாபிட் விரைவில் அதன் கால நீளம் 120 நானோநொடி. அதற்கு 8.5 மீட்டருக்கும் மேற்பட்ட நுண்கம்பி வேண்டும். இழப்பு 1700 டெசிபெல் அளவில் இருக்கும். இவ்வெண்ணுக்கு இயற்பியல் பொருள் எதுவும் இல்லை. நடைமுறையில் ஓர் ஒளியணுகூட மறுமுனையை எட்டாது. சிலிக்கான் சில்லில் 'ஒளி நினைவகம்' வந்துவிட்டது என்று அவ்வப்போது வெளியாகும் செய்திகளைப் படிக்கும்போது இந்த ஒரு கணக்கை நினைவில் கொள்வது நல்லது.

வளைய ஒத்ததிர்விகள்

நீளமான கம்பியைப் போடுவதற்குப் பதிலாக, ஒளியை ஒரே சிறு வளையத்திற்குள் பல முறை சுற்ற வைக்கலாம். நேரான அலைநடத்தியின் அருகே சில நூறு நானோமீட்டர் இடைவெளியில் ஒரு வளைய அலைநடத்தி அமைக்கப்படுகின்றது. வளையத்தின் சுற்றளவு ஒளியின் அலைநீளத்திற்கு முழு எண் மடங்காக அமையும்போது ஒத்ததிர்வு உண்டாகி, ஒளி வளையத்திற்குள் புகுந்து பல சுற்றுகள் சுற்றியபின் வெளியேறுகின்றது.

5 மைக்ரோமீட்டர் ஆரமுள்ள வளையத்தை ஒரு முறை சுற்ற ஒளிக்கு 0.44 பிக்கோநொடி ஆகும். நேர்க்கம்பிக்கும் வளையத்திற்கும் இடையே 10 விழுக்காடு ஆற்றல் மட்டும் கைமாறும்படி இடைவெளியை அமைத்தால், இழப்பைப் புறக்கணித்த நிலையில், ஒத்ததிர்வின்போது தாமதம் ஏறத்தாழ 38 மடங்காகப் பெருகி 17 பிக்கோநொடி அளவை எட்டுகின்றது. இடைவெளியை இன்னும் கூட்டினால் தாமதமும் கூடும்.

ஆனால் இதற்கு விலை உண்டு. மேற்கண்ட வளையம் 38 ஜிகாஹெர்ட்சு அகலமுள்ள அலைவெண் பட்டையில் மட்டுமே இவ்வாறு செயல்படும். தாமதத்தை இரட்டிப்பாக்கினால் பட்டையகலம் பாதியாகும். இரண்டின் பெருக்கற்பலன் ஒரு தனி வளையத்திற்கு ஏறத்தாழ 0.64 என்ற மாறா அளவிலேயே நிற்கும். தரவு விரைவு பட்டையகலத்தைப் பொறுத்தது என்பதால், எவ்வளவு திறமையாக வடிவமைத்தாலும் ஒரு வளையத்தால் ஏறக்குறைய ஒரு பிட்டைக் கூட முழுமையாகத் தாமதிக்க இயலாது என்பதே இதன் பொருள். இது தாமத - பட்டையகல வரம்பு என்று அழைக்கப்படுகின்றது.

பல பிட்டுகளைத் தாமதிக்க வேண்டுமெனில் பல வளையங்களை வரிசையாக அமைக்க வேண்டும். ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த ஃபெங்னியன் சியா, லிடியா செகாரிச், யூரி விலாசோவ் ஆகியோர் 2007-இல் நேச்சர் ஃபோட்டானிக்ஸ் இதழில் வெளியிட்ட ஆய்வு இவ்வகையில் பெரிதும் பேசப்பட்டது. 100 வளையங்கள் வரை தொடராக அமைத்து, 0.09 சதுர மில்லிமீட்டருக்கும் குறைவான பரப்பில் 500 பிக்கோநொடிக்கும் மேற்பட்ட தாமதத்தை அவர்கள் பெற்றனர். நொடிக்கு 20 ஜிகாபிட் விரைவில் இது 10 பிட்டுகள். சாதாரண நுண்கம்பியில் இதே தாமதத்திற்கு 3.5 செ.மீ. நீளம் தேவைப்பட்டிருக்கும். பரப்பு மிகச் சுருங்கியது என்பது உண்மையான வெற்றி. 10 பிட்டு என்பது ஒரு பொதியின் முகவரிப் பகுதிக்குக் கூடப் போதாது என்பதும் உண்மை.

வளையங்களுக்கு மற்றொரு தொல்லையும் உண்டு. வெப்பநிலை ஒரு பாகை உயர்ந்தால் சிலிக்கானின் ஒளிவிலகல் எண் 0.000186 கூடுகின்றது. இது சிறிய எண்ணாகத் தோன்றினாலும், ஒத்ததிர்வு அலைநீளத்தை ஏறத்தாழ 0.07 நானோமீட்டர் நகர்த்திவிடும். மார்கழி இரவில் 20 பாகையும் கத்திரி வெயிலில் 40 பாகையும் காட்டும் சென்னையில், குளிரூட்டப்படாத ஒரு பெட்டிக்குள் இவ்வளையத்தை வைத்தால் அதன் ஒத்ததிர்வு 1.4 நானோமீட்டர் விலகிப் போகும். 100 ஜிகாஹெர்ட்சு இடைவெளியில் அமைந்த தொலைத்தொடர்பு அலைவரிசைகளுக்கு இடையேயான தூரமே 0.8 நானோமீட்டர்தான். எனவே ஒவ்வொரு வளையத்தின் மேலும் ஒரு நுண்சூடேற்றியை வைத்து, இடைவிடாது கண்காணித்துத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். நூறு வளையங்கள் என்றால் நூறு சூடேற்றிகள். மின்னாற்றலை மிச்சப்படுத்தத் தொடங்கிய முயற்சி இங்கே சற்றுத் தடுமாறுகின்றது. எனினும் அதே சூடேற்றியைக் கொண்டு தாமதத்தை வேண்டியவாறு கூட்டவும் குறைக்கவும் முடியும் என்பது ஒரு பயன்.

மெது ஒளி

1999-இல் ஆர்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லேனே ஆவ் குழுவினர், மீக்குளிர் சோடியம் அணுத்திரளில் ஒளியின் வேகத்தை நொடிக்கு 17 மீட்டராகக் குறைத்துக் காட்டினர். மிதிவண்டியை விரைவாக மிதிப்பவரின் வேகத்தைவிடச் சற்றே கூடுதல். இச்செய்தி உலகெங்கும் வியப்பை உண்டாக்கியது. ஆனால் அதற்குத் தேவையான குளிர்நிலை தனிச்சுழிய வெப்பநிலைக்கு மிக அருகில் இருந்ததால், தொலைத்தொடர்புக் கருவிகளுக்கு அது பொருந்தாது.

சிலிக்கானில் இதற்கு இணையான முயற்சி ஒளியணுப் படிகங்களின் வழியே நடைபெற்றது. சிலிக்கான் படலத்தில் சீரான இடைவெளியில் நுண்துளைகளை இட்டு, நடுவே ஒரு வரிசைத் துளைகளை மட்டும் விட்டுவிட்டால், அவ்விடைவெளி ஒளிக்கு வழியாகின்றது. குறிப்பிட்ட சில அலைநீளங்களில், முன்னே செல்லும் ஒளியும் துளைகளால் திருப்பியனுப்பப்படும் ஒளியும் ஒன்றோடொன்று கலந்து, துடிப்பு மிக மெதுவாக நகரும். 2005-இல் விலாசோவ் குழுவினர் இம்முறையில் ஒளியின் வேகத்தை 300 மடங்குக்கு மேல் குறைத்ததுடன், மின்சூடேற்றியைக் கொண்டு அவ்வேகத்தைக் கட்டுப்படுத்தியும் காட்டினர்.

இங்கும் அதே வரம்பு குறுக்கிடுகின்றது. வேகம் மிகக் குறையும் பகுதி மிகக் குறுகிய பட்டையில் மட்டுமே அமைகின்றது. மேலும், துளைச் சுவர்களின் சொரசொரப்பால் உண்டாகும் பின்சிதறல், குழு விலகல் எண்ணின் இருமடிக்கேற்ப வளர்கின்றது. வேகத்தைப் பாதியாக்கினால் சிதறல் நான்கு மடங்காகும். மெதுவாகச் செல்லும் ஒளி, வழியிலுள்ள குறைகளை எல்லாம் நின்று பார்த்துவிட்டுச் செல்கின்றது எனலாம்.

தாமத - பட்டையகல வரம்பை மீறவே முடியாதா என்றால், முடியும். ஒளி உள்ளே நுழைந்தபின் அமைப்பின் இயல்பை விரைந்து மாற்றி வாயிலை அடைத்துவிட்டால் வரம்பு பொருந்தாது. இதன் கோட்பாட்டை 2004-இல் ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த யானிக், ஃபான் ஆகியோர் முன்வைத்தனர். 2007-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் மிக்கால் லிப்சன் குழுவினர் சிலிக்கான் வளையங்களில் அதனைச் செய்து காட்டினர். ஆயினும் வாயிலை அடைத்தபின்னும் உள்ளே இழப்பு தொடர்வதால், அடைபட்ட ஒளி நெடுநேரம் தாங்குவதில்லை.

இழப்பைக் குறைக்கும் வழிகள்

சிலிக்கானை மட்டுமே நம்பியிருக்காமல், சிலிக்கான் சில்லைத் தளமாகக் கொண்டு அதன் மேல் வேறு பொருளில் அலைநடத்தி அமைப்பது மிகுந்த பலன் தந்த வழி. 2012-இல் கலிபோர்னியத் தொழில்நுட்பக் கழகத்தின் கெரி வகாலா குழுவினர், சிலிக்கான் சில்லின் மேல் சிலிக்கா என்னும் சிலிக்கான் டை-ஆக்சைடினால் 27 மீட்டர் நீளமுள்ள சுருள் அலைநடத்தியை உருவாக்கினர். இழப்பு ஒரு மீட்டருக்கு 0.1 டெசிபெல்லுக்கும் குறைவு. 27 மீட்டரில் தாமதம் ஏறத்தாழ 130 நானோநொடி. முன்னர்க் கண்ட 1500 பைட்டுப் பொதி நொடிக்கு 100 ஜிகாபிட் விரைவில் முழுமையாக அதற்குள் அடங்கும். வெளிவரும்போது பாதிக்கும் மேற்பட்ட ஒளி எஞ்சியிருக்கும். இதற்கு ஈடாக அச்சில்லின் பரப்பு நகத்தளவில் நில்லாமல் பல சென்டிமீட்டருக்கு விரிந்தது. சிலிக்காவில் ஒளி தளர்வாகவே அடைபடுவதால் கூர்மையாக வளைக்க இயலாமையே காரணம்.

இரண்டுக்கும் இடைப்பட்டதாகச் சிலிக்கான் நைட்ரைடு பரவலாகப் பயன்படுகின்றது. அகலமான, உயரம் குறைந்த சிலிக்கான் அலைநடத்திகளும் நுண்கம்பியைவிடக் குறைந்த இழப்பைத் தருகின்றன. ஆஸ்திரேலியாவின் சிட்னி பல்கலைக்கழகக் குழு ஒன்று 2017-இல் பழைய எட்சாக்கின் பாதைக்கே திரும்பியது போன்ற ஒரு முறையைக் காட்டியது. சில்லின் மேல் ஒளித் துடிப்பை ஒலித் துடிப்பாக மாற்றி, சில நானோநொடி கழித்து மீண்டும் ஒளியாக்கியது. அதற்குப் பயன்பட்ட பொருள் சிலிக்கான் அன்று, சால்கோசெனைடுக் கண்ணாடி.

திசைவிக்கு எவ்வளவு தாமதம் வேண்டும்

நெடுங்காலமாகத் திசைவிகளில், தரவு ஒரு முறை போய்வரும் நேரத்தில் வரக்கூடிய முழுத் தரவையும் இருத்தும் அளவுக்கு நினைவகம் வைப்பது வழக்கம். போய்வரும் நேரம் 250 மில்லிநொடியும் விரைவு நொடிக்கு 40 ஜிகாபிட்டும் எனில், 1000 கோடி பிட்டுகள். ஒளித் தாமதத் தடங்களால் இதனை எந்நாளும் எட்ட இயலாது. 2004-இல் ஸ்டான்ஃபோர்டின் அப்பென்செல்லர், கெஸ்லாசி, மெக்கியோன் ஆகியோர், ஒரே வழியில் ஆயிரக்கணக்கான இணைப்புகள் கலந்து செல்லும்போது அதில் மிகச் சிறு பங்கே போதும் என்று நிறுவினர். பின்னர் வந்த ஆய்வுகள், தரவைச் சீராக இடைவெளி விட்டு அனுப்பினால் சில பத்துப் பொதிகளுக்கான இடமே போதுமானதாகலாம் என்றன. இம்முடிவுகள் ஒளித் தாமதத் தட ஆய்வாளர்களுக்குப் பெரும் நம்பிக்கையை அளித்தன. 2000-களின் பிற்பகுதியில் இத்துறையில் கட்டுரைகள் குவிந்ததற்கு இது ஒரு காரணம்.

எனினும் முழுவதும் ஒளியாலான திசைவி சந்தைக்கு வரவில்லை. தாமதத் தடத்திலிருந்து வேண்டிய பொதியை வேண்டிய நேரத்தில் எடுக்க இயலாது. உள்ளே சென்ற வரிசையில், குறித்த நேரத்தில்தான் அது வெளிவரும். மின்னணு நினைவகமோ இதே காலத்தில் விலையிலும் ஆற்றலிலும் தொடர்ந்து மலிந்துகொண்டே வந்தது. சிலிக்கான் ஒளியணுவியல் பெருவணிகமாக வென்ற இடம் வேறு. இன்டெல் நிறுவனம் 2016 முதல் தரவு மையங்களுக்காக நொடிக்கு 100 ஜிகாபிட் சிலிக்கான் ஒளிச் செலுத்தி - வாங்கிகளைப் பெருமளவில் விற்றது. அவை ஒளியைக் காக்க வைப்பதில்லை. மின்னிலிருந்து ஒளிக்கும் ஒளியிலிருந்து மின்னுக்கும் மாற்றும் வேலையை மலிவாக்கின. தவிர்க்க நினைத்த மாற்றத்தையே மலிவாக்கியது என்ற வகையில் இது ஒரு முரண்.

உண்மையில் பயன்படும் இடங்கள்

பொதிகளை இருத்தும் கனவு நிறைவேறாவிடினும், சிறு தாமதங்கள் தேவைப்படும் இடங்கள் பல உள்ளன. அவற்றில் சிலிக்கான் மிகப் பொருத்தமாக அமைகின்றது.

ஒளியின் கட்டத்தில் தரவை ஏற்றி அனுப்பும் சில முறைகளில், ஒவ்வொரு பிட்டையும் அதற்கு முந்தைய பிட்டுடன் ஒப்பிட்டே வாங்க வேண்டும். ஒளியை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை மட்டும் சரியாக ஒரு பிட்டு நேரம் பிந்தச் செய்து, மீண்டும் ஒன்றுசேர்த்தால் ஒப்பீடு தானாகவே நிகழ்ந்துவிடும். நொடிக்கு 10 ஜிகாபிட்டுக்குத் தேவையான 100 பிக்கோநொடி, சிலிக்கானில் 7 மி.மீ. மட்டுமே. 40 ஜிகாபிட்டுக்கு 2 மி.மீ.-க்கும் குறைவு. குவாண்டம் மறைக்குறியீட்டு முறைகளுள் ஒன்றான வேறுபாட்டுக் கட்டப் பெயர்ச்சி முறையும் இதே அமைப்பையே பயன்படுத்துகின்றது. அங்கே தாமதம் பெரும்பாலும் ஒரு நானோநொடியை ஒட்டி இருப்பதாலும், ஒற்றை ஒளியணுவைக்கூட இழக்க மனம் வராத இடம் என்பதாலும், சிலிக்கான் நுண்கம்பியைவிடச் சிலிக்காவும் நைட்ரைடும் விரும்பப்படுகின்றன.

கட்ட அணி ரேடார்களின் கதை இன்னும் சுவையானது. நூற்றுக்கணக்கான சிறு அலைக்கம்பங்களை நிலையாக வைத்துவிட்டு, ஒவ்வொன்றுக்கும் செல்லும் குறிகையைச் சற்றே முன்பின்னாக அனுப்புவதன் மூலம் கற்றை திருப்பப்படுகின்றது. தட்டைச் சுழற்ற வேண்டிய தேவை இல்லை. 10 ஜிகாஹெர்ட்சு ரேடாரில் அலைக்கம்பங்களுக்கு இடைவெளி 1.5 செ.மீ. எனக் கொண்டால், கற்றையை 30 பாகை திருப்ப அடுத்தடுத்த கம்பங்களுக்கிடையே 25 பிக்கோநொடி வேறுபாடு வேண்டும். இதற்குக் கட்டப் பெயர்ச்சியை மட்டும் பயன்படுத்தினால், அலைவெண் மாறும்போது கற்றையின் திசையும் விலகிவிடும். உண்மையான காலத் தாமதத்தைப் பயன்படுத்தினால் எல்லா அலைவெண்களும் ஒரே திசையை நோக்கும். ரேடார் குறிகையை ஒளியின் மேல் ஏற்றி, சிலிக்கான் தடத்தில் தாமதித்து, மீண்டும் மின்குறிகையாக்குவது இதற்கு ஒரு நேர்த்தியான வழி.

32 கம்பங்கள் கொண்ட வரிசைக்கு 0 முதல் 775 பிக்கோநொடி வரை 25 பிக்கோநொடிப் படிகளில் தாமதம் தேவை. இதற்கு 32 தனித்தனித் தடங்கள் வேண்டியதில்லை. 25, 50, 100, 200, 400 பிக்கோநொடி தரும் ஐந்து சுருள்களை நிலைமாற்றிகளால் தொடராக இணைத்து, ஒவ்வொரு சுருளினூடாகவும் செல்லலாம் அல்லது அதனைத் தவிர்த்துக் கடக்கலாம் என்று அமைத்தால் போதும். எடைக்கற்களைக் கூட்டி நிறுப்பது போன்ற இந்த இரும முறை அமைப்பே சிலிக்கானில் மாறும் தாமதத்திற்குப் பரவலாகக் கையாளப்படுவது. மொத்த நீளம் ஐந்தரை சென்டிமீட்டர் அளவில் இருப்பதால் இழப்பும் பொறுத்துக்கொள்ளக்கூடியதாகவே உள்ளது.

இந்தியாவில்

சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் மின்பொறியியல் துறையில், பேராசிரியர் பிஜோய் கிருட்டிண தாசு தலைமையிலான குழு நீண்டகாலமாகச் சிலிக்கான் அலைநடத்திகள், வளைய ஒத்ததிர்விகள், பாதை நீள வேறுபாட்டால் இயங்கும் குறுக்கீட்டுமானிகள் ஆகியவற்றை ஆய்ந்து வருகின்றது. இந்திய அரசின் மின்னணுவியல், தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தின் நிதியுதவியுடன், நிரல்படுத்தத்தக்க ஒளியணு ஒருங்கிணைந்த சுற்றுகளுக்கான உயர் ஆய்வு மையம் 2020-இல் அங்கே தொடங்கப்பட்டது. பெங்களூரிலுள்ள இந்திய அறிவியல் கழகத்திலும் இத்துறையில் ஆய்வுகள் நடைபெறுகின்றன.

நிரல்படுத்தத்தக்க சுற்று என்பது தாமதத் தடக் கருத்தின் இயல்பான வளர்ச்சி எனலாம். ஒவ்வொரு தேவைக்கும் தனிச் சில்லு வடிவமைக்காமல், ஒரே அளவான சிறு தாமதத் துண்டுகளையும் நிலைமாற்றிகளையும் வலைபோல் பின்னி வைத்து, மென்பொருளின் ஆணைப்படி ஒளியின் பாதையை அவ்வப்போது அமைத்துக்கொள்வது இம்முறை. எசுப்பானியாவின் வலென்சியாவைச் சேர்ந்த ஓசே கப்மானி குழுவினர் 2017-இல் ஏழு அறுகோணக் கண்ணறைகள் கொண்ட சிலிக்கான் வலையில் இதனைச் செய்து காட்டினர். ஒரு கண்ணறையைச் சுற்றிவரச் செய்தால் அது வளைய ஒத்ததிர்வி. பல துண்டுகளை வரிசையாகக் கடக்கச் செய்தால் அதுவே தாமதத் தடம்.

சென்னை மையத்தின் வெளியீடுகளுள், சிலிக்கான் ஒளியணுவியலைப் பயன்படுத்தும் குவாண்டம் வாய்ப்பெண் ஆக்கி 2025-இல் அறிமுகப்படுத்தப்பட்டது. ஒளியிழையைச் சில்லுடன் மைக்ரோமீட்டருக்கும் குறைந்த பிழையில் பொருத்தி உறையிடும் தொழில்நுட்பத்திலும் மையம் ஈடுபட்டுள்ளது. தாமதத் தடங்களைப் பொறுத்தவரை இது புறக்கணிக்கத்தக்க பணி அன்று. 9 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள இழையின் உள்ளகத்திலிருந்து அரை மைக்ரோமீட்டர் அகலமுள்ள நுண்கம்பிக்குள் ஒளியைச் செலுத்தும்போது ஏற்படும் இழப்பு, பல நேரங்களில் தடத்திற்குள் ஏற்படும் இழப்பைவிடக் கூடுதலாக இருக்கும்.